ஆச்சியின் பங்கு

பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று பார்க்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை. சென்னையில், ஆறாவது மாடியில், பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தால் முதலில் அதுதான். பாபநாசத்துக்கு முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. இந்த எண்களெல்லாம் வீட்டுத் தொலைபேசி எண் மாதிரி மனதில் கிடக்கின்றன. எனக்கு அங்கே ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆற்றங்கரைப் பக்கம் இருந்த வீடும் கைமாறிப் போய்விட்டது. அணை நிரம்பினால் எனக்கு வரப்போவது ஒன்றுமில்லை, வற்றினால் போகப்போவதும் இல்லை. "உங்க ஊர் கலெக்டர்கூட இத்தனை தடவை பார்க்க மாட்டார்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும்.

இது ஆச்சியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அம்மாவைப் பெற்ற ஆச்சி. அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் வேலை என்பதால் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் நான் ஆச்சி வீட்டில்தான் வளர்ந்தேன். கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, தாமிரபரணிக்குத் தென்கரையில் ஒரு சின்ன ஊர். திருநெல்வேலி வானொலி 1963-ல் தொடங்கியது. அதற்குச் சில வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வந்தது. தாத்தா செய்தி கேட்பார். சித்திமார் பாட்டுக் கேட்பார்கள். ஆச்சிக்கு வேண்டியது அணை நிலவரம் மட்டும். அது வருகிற நேரம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்து தூணோரம் நிற்பாள். தன் காதில் விழுந்திருந்தாலும், "எத்தனைன்னான்?" என்று தாத்தாவிடம் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வாள். பிறகு மேற்கே, பொதிகை இருக்கிற திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அணை நிரம்பிக் கிடந்தாலும் அடிமட்டத்துக்குப் போயிருந்தாலும் அதே கும்பிடுதான். குறைந்த தண்ணீருக்கு ஏன் கும்பிட வேண்டும் என்று கேட்டேன். "அதுவும் இல்லாம இருந்தா என்னட்டி செய்வ?" என்றாள்.

தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம். தென்மேற்குப் பருவமழையை நம்பி ஆனி, ஆடியில் கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசிக்கு மேல் பிசானம். ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகள். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது கன்னடியன் கால்வாயிலிருந்து. ஒரு பசு நடந்துபோன வழியே அந்தக் கால்வாயை வெட்டினார்கள், அது படுத்த இடமெல்லாம் குளமாயிற்று என்று ஆச்சி கதை சொல்வாள். எந்தப் பொறியாளர் அளந்து வெட்டினாலும் சரி, வாய்க்கால் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் மாடு நடந்த தடம் போலத்தான் இருக்கும்.

தை பிறந்தால் அறுவடை, அதற்கு நன்றி சொல்லப் பொங்கல் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். தஞ்சாவூர்ச் சம்பாவுக்கு அது ஏறக்குறையச் சரி. எங்கள் பிசானம் அறுவடைக்கு வர மாசி, பங்குனி ஆகிவிடும். பொங்கலன்று வயல் பச்சையாகத்தான் நிற்கும். அதற்குப் பிறகு பூச்சி விழலாம், மழை கொட்டிக் கதிர் சாயலாம். இத்தனையும் தெரிந்துதான், பத்தாயத்தில் கிடக்கிற கார் நெல்லைக் குத்தியெடுத்து, வரப்போகிற விளைச்சலுக்கும் சேர்த்து முன்கூட்டியே படைத்துவிடுவார்கள். விளைந்ததை அளந்து பார்த்துவிட்டு, போதும் என்று தோன்றினால் கும்பிடுவது என்கிற கணக்கெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. வயது ஏறிய பிறகுதான் எனக்கு இதன் கனம் புரிகிறது. சம்பளம் வந்த பிறகும் முகம் சுளிக்கிற வீட்டில் இருந்துகொண்டு சொல்கிறேன்.

அரிசி விஷயத்தில் ஆச்சி கொஞ்சம் அதிகம்தான். பித்தளை நாழியில் தலைதட்டி அளந்து உலைக்குப் போடுவாள். போடுவதற்கு முன் ஒரு சிட்டிகை அரிசியை எடுத்துத் திரும்பவும் பானைக்குள் போட்டுவிடுவாள். அரிசிப் பானையை நாங்கள் யாரும் வழித்துத் துடைத்துவிடக் கூடாது. "அடியில ரெண்டு மணி கெடக்கட்டும். பான வெறும் பானையா இருக்கப்படாது." இது தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருந்த பழக்கம்தான். ஆனால் ஆச்சியின் விரல்களில் அது சடங்கைப் போல இல்லை. ஒரு பயம் இருந்தது.

அந்தப் பயத்தின் வயது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதோடு பர்மா அரிசி வருவது நின்றது. சென்னை மாகாணம் அந்த அரிசியை எவ்வளவு நம்பியிருந்தது என்பது, அது நின்ற பிறகுதான் வீட்டு அடுப்புகளுக்குத் தெரிந்தது. ஆச்சி அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. ஆற்றுப் பாசன ஊரிலேயே அரிசிச் சோறு ஒரு வேளை, மற்ற வேளை சோளமும் கம்பும் என்று ஆனதாம். வடித்த கஞ்சிக்கு வாசலில் ஆள் நின்றதாம். "யுத்தகாலத்துல" என்று ஆரம்பித்தால் அவள் குரல் மாறிவிடும், கதை நீளாது. இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவத் தொடங்குவாள்.

பொங்கலுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பொங்கலைப் பார்க்காதவர்களுக்கு அதன் அடுப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். களிமண்ணில் செய்த பொங்கல்கட்டி மூன்று. அவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, காவியில் பட்டை போட்டுக் காயவைத்திருப்பார்கள். இருட்டோடு எழுந்து வாசலில் கோலம் போட்டு, கோலத்தைச் சுற்றிக் காவி இழுத்து, நடுவில் கட்டிகளை வைத்து, கிழக்கே பார்த்து அடுப்பு மூட்டுவார்கள். விறகு கிடையாது. காய்ந்த பனையோலைதான் எரிக்க வேண்டும். ஓலைத் தீக்கு நிதானம் இல்லை. சடசடவென்று பற்றும், உடனே இறங்கும். ஓயாமல் ஒருவர் ஓலை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை பிள்ளைகளுக்கு. முகம் சிவந்து, கண் கரித்து, முன்முடி பொசுங்கி, அந்த நேரத்தில் என்னைவிட முக்கியமானவள் அந்தத் தெருவில் இல்லை என்ற நினைப்போடு உட்கார்ந்திருப்பேன்.

பால் பொங்கி வழியும்போது எந்தப் பக்கம் வழிகிறது என்று பெரியவர்கள் பார்ப்பார்கள். பெண்கள் குலவை இடுவார்கள். தெருவில் ஒரு வீட்டுக் குலவை முடியுமுன் அடுத்த வீட்டுக் குலவை கேட்கும். எல்லா வீட்டுப் பானையும் பொங்கி முடிகிற வரைக்கும் இது தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிறகு விடிந்துவிடும். பிறகு பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "பால் பொங்கிச்சா?" பொங்காமல் எங்கே போகும்? இருந்தாலும் கேட்பார்கள். பதிலும் சொல்வார்கள்.

விளக்கு முன்னால் பெரிய தலைவாழை இலை. வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், மஞ்சள் குலை, கரும்பு. எங்கள் பக்கத்தில் கிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, சேம்பு, கருணை, வள்ளி என்று மண்ணுக்குள் விளைந்தது அத்தனையும் கழுவி வரிசையாக வைத்திருக்கும். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டு உருட்டித் தோல் போக்குகிற வேலையும் எங்களுக்குத்தான். கைவிரல் கறுத்துப் போகும். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் யார் வீட்டில் எவ்வளவு சிறுகிழங்கு உரித்தார்கள் என்பது விரலைப் பார்த்தாலே தெரியும்.

இனிமேல்தான் ஆச்சியின் வேலை. பங்கு வைப்பது.

முதல் கரண்டி சூரியனுக்கு. அடுத்து காக்காய்க்கு, கூரை ஓட்டின் மேல். மாட்டுக்கு மறுநாள் தனியாகப் பொங்கினாலும் இன்றைக்கும் ஒரு கை உண்டு. கோயிலுக்கு ஒரு கிண்ணம். அந்த வருடம் துக்கம் நடந்து பொங்கலிடாத வீடு தெருவில் இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு தூக்குவாளி. கல்யாணமாகிப் போன பெண்களுக்குப் பொங்கல்படி ஏற்கெனவே போயிருக்கும், அரிசி, வெல்லம், கரும்பு, கிழங்கு, பாத்திரம் எல்லாம் சேர்த்து. வாத்தியாருக்கு ஒன்று. பிரசவம் பார்க்கிற அம்மாவுக்கு ஒன்று. யாருக்கு எந்தப் பாத்திரம், யார் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் ஆகாது, யாருக்குக் கிழங்கு கூட வைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதிவைத்த கணக்கு இல்லை. அடுப்படியில் உட்கார்ந்தபடி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒரு வருடத்தில் அந்த வீட்டுக்கு யாரெல்லாம் எதைச் செய்தார்கள் என்ற மொத்த வரலாறும் அந்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆச்சி யாரிடமும் வாயால் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. பங்கு போய்ச் சேர்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஏக்கத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். நிறுத்த எனக்கு மனமில்லை. அந்தப் பங்குகளில் சில வாசல் வழியாகப் போனதில்லை, புறவாசல் வழியாகப் போயின. துணி வெளுத்தவர்களும் முடி திருத்தியவர்களும் வயலில் நாற்று நட்ட பெண்களும் பின்பக்கம் மாட்டுத் தொழுவத்தின் ஓரமாக வந்து நிற்பார்கள். அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தில் கரண்டி படாமல் உயரத் தூக்கிப் போடுவாள் ஆச்சி. அளவு குறையாது. சில சமயம் மற்றவர்களுக்குப் போவதைவிடக் கூடவே இருக்கும். ஆனால் உயரமும் குறையாது. ஆற்றிலும் அப்படித்தான், யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பொங்கலின் அரிசியை விளைவித்தவர்கள் அந்த வீட்டின் நடையை மிதித்ததில்லை. என் ஆச்சி நல்லவள். அவள் பங்கு வைத்த ஒழுங்கு நல்ல ஒழுங்கு இல்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லாமல் அவளைப் பற்றி எழுதுவது அந்தப் பெண்களுக்குச் செய்கிற துரோகம்.

இறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. இலையின் தலைமாட்டில் ஒரு வேட்டியும் ஒரு சேலையும் மஞ்சள் தடவி வைத்திருக்கும். யாருக்கு என்று கேட்டால், "போனவங்களுக்கு" என்பாள். போனவர்கள் அன்றைக்கு வந்து உடுத்திக்கொண்டு போவதாக நம்பிக்கை. சேலை பிறகு சித்திமாரில் ஒருத்திக்குப் போகும். அவள் அதை அந்த வருடம் முழுக்கப் பத்திரமாகக் கட்டுவாள். ஆச்சி அந்த இலை முன்னால் நிற்கிற நேரம் கொஞ்சம் நீளம். எங்கள் மாமா ஒருவர் சிறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த இலையில் ஒரு துண்டு கரும்பு மட்டும் சின்னச் சின்னதாக, பிள்ளைகள் கடிக்கிற அளவில் நறுக்கி வைத்திருக்கும். மற்ற கரும்பெல்லாம் முழுதாகவே இருக்கும்.

ஆண்களுக்கு நினைப்பதற்கு வேறு வழி இருந்தது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தாத்தா பாபநாசம் போவார். படித்துறையில் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்து, அப்பா, அப்பாவின் அப்பா, அவருக்கும் அப்பா, அப்படியே அம்மா வழியிலும் என்று மூன்று தலைமுறைப் பெயர் சொல்வார். ஆடி அமாவாசைக்கு அந்த மலைப்பாதையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு இருக்கும். காட்டுக்குள் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். தாத்தா திரும்பி வரும்போது ஈர வேட்டி காய்ந்து மொடமொடவென்று இருக்கும். பெயர் சொல்லி நினைப்பது அவர் வேலை. பெயர் சொல்லாமல் நினைப்பது ஆச்சியின் வேலை. அப்படி ஒரு பிரிவினை அந்த வீட்டில் இருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பொங்கலன்று மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார், அவியல், கூட்டு, பொரியல் என்று ஏகப்பட்டது மிஞ்சும். மிஞ்ச வேண்டும் என்றுதான் வைப்பார்கள். சாயங்காலம் ஆச்சி எல்லாவற்றையும் ஒரே மண்சட்டியில் கொட்டி, தணல் மீது ஏற்றிவிடுவாள். ராத்திரி முழுக்க அது சுண்டும். சாம்பாரின் தண்ணீர் போய், அவியலின் தேங்காய் உருகி, கிழங்கெல்லாம் தன் வடிவம் மறந்து, காலையில் திறந்தால் கறுஞ்சிவப்பில் கெட்டியாக ஒன்று கிடக்கும். சுண்டக்கறி. முந்தைய நாள் வெண்பொங்கல் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் வேறு எதையும் விளக்க வேண்டியதில்லை. சாப்பிடாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. திருநெல்வேலி என்றால் அல்வா என்கிறார்கள். அது வெளியூர்க்காரர்களுக்குக் கட்டிக் கொடுக்கிற பொருள். ஊர்க்காரர்கள் கண்ணை மூடி நினைத்துக்கொள்வது சுண்டக்கறியைத்தான்.

ஆச்சி சாப்பிட்டது அதைத்தான். பொங்கலன்று எல்லோருக்கும் பரிமாறி முடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டும். வெறும் காப்பியோடு படுத்துவிடுவாள். மறுநாள், எல்லோரும் கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குக் கிளம்பிய பிறகு, அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழையதைப் பிழிந்து வைத்துக்கொண்டு, சட்டியின் ஓரத்தில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுவாள். ஒருமுறை செருப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது பார்த்தேன். அத்தனை நிதானமாக அவள் சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வா, ஒரு வாய் வாங்கிக்க" என்று உருட்டிக் கொடுத்தாள். அந்தச் சட்டியின் அடியில் இருந்ததுதான் அவளுக்கு விழுந்த பங்கு. அவளே வைத்துக்கொண்டது. வேறு யாரும் அவளுக்கு எடுத்து வைத்ததாக எனக்கு நினைவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பொங்கல் உண்டு. மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுவோம். சாயங்காலம் அதை வறட்டியாகத் தட்டிக் காயவைப்போம். முற்றத்தில் களிமண்ணால் அறை, அடுக்களை, நடை எல்லாம் வைத்து ஒரு குட்டி வீடு கட்டுவோம். தையில் ஒருநாள் அந்த வீட்டு வாசலில் பொங்கலிட்டு, பூ வறட்டிகளின் மேல் சோறும் கற்பூரமும் வைத்து ஆற்றில் விடுவோம். சிறுவீட்டுப் பொங்கல். ஆச்சி அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு விருந்தாளி. முழங்கால் உயரச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, "வீட்டுல ஆள் இருக்கா?" என்று கேட்பாள். நாங்கள் அவளை உட்காரச் சொல்லி, வாழையிலைக் கிழிசலில் பொங்கல் வைத்துக் கொடுப்போம். யோசித்துப் பார்த்தால் அவளுக்கு யாரோ முதலில் பரிமாறிய பொங்கல் அது ஒன்றுதான். வேகாத அரிசியாக இருந்தாலும் முழுதும் தின்றுவிடுவாள்.

ஒரு மாசி மாதம் ஆச்சி போனாள். பிசானம் அறுப்புக்கு நின்றது.

இப்போது சென்னையில் எங்கள் வீட்டுப் பொங்கல் எரிவாயு அடுப்பில், எவர்சில்வர் பானையில் பொங்குகிறது. பால் வழிந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்று வழியுமுன் தீயைக் குறைத்துவிடுகிறேன். குலவை இட்டால் எதிர் வீட்டில் கதவைத் திறந்து என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். காக்காய்க்கு மொட்டை மாடியில் வைத்தால் புறாக்கள்தான் வருகின்றன. அவை சாப்பிட்டாலும் முன்னோர் கணக்கில் சேருமா என்பதைச் சாஸ்திரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இதற்காக அந்த ஓலை அடுப்புக்குத் திரும்பிப் போகத் தயாரா என்று கேட்டால், மாட்டேன். ஆச்சிக்குக் கடைசிப் பத்து வருடம் கண் சரியாகத் தெரியவில்லை, இருமல் நிற்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் குடித்த புகை அது. ஆற்றிலிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் தூக்கித் தூக்கி இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதும், தீக்குச்சி கிழிக்காமல் அடுப்பு எரிவதும் அவளுக்குக் கிடைக்காத வரங்கள். எனக்குக் கிடைத்திருக்கின்றன. காலையில் குழாயைத் திறக்கும்போது சில நாள் அவள் மேற்கே பார்த்துக் கும்பிட்டது ஞாபகம் வரும். பாத்திரம் தேய்க்கிற அவசரத்தில் அது மறந்தும் போகும். ஆகவே என் ஏக்கம் அந்த வாழ்க்கைக்காக இல்லை. யாருக்கு என்ன கடன் என்று தெரிந்திருந்த ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவள் இல்லாமல் போனதற்காக.

ஊருக்குப் போனால் ஆற்றைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. பாபநாசத்தில் முழுகியவர்கள் விட்டுப்போன துணிகள் படித்துறையைச் சுற்றி மக்கிக் கிடக்கின்றன. முன்னோருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே பழைய வேட்டியை அவிழ்த்து எறிந்துவிட்டு வருவதற்குப் பெயர் பக்தி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே போகப் போகச் சாக்கடையும் சேர்கிறது.

ஆனால் அந்தக் கரையில் பங்கு வைக்கிற பழக்கம் செத்துவிடவில்லை என்பதையும் பார்த்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் நிற்கும்போது, இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்து அந்தப் பயணிகளுக்குப் போட்டார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஊர் அரிசிப் பானைகளின் அடியில் யாரோ இரண்டு மணி விட்டு வைத்திருந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அந்தச் சோற்றை வாங்கியவர்கள் யார், போட்டவர்கள் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. கரண்டியின் உயரமும் அன்றைக்குக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆச்சியின் பொருளென்று மிஞ்சியது அந்தப் பித்தளை நாழி ஒன்றுதான். அது என் தம்பி வீட்டில் இருக்கிறது. அதில் பேனாக்களை நிறுத்தி வைத்திருக்கிறான். கேட்டால் கொடுத்துவிடுவான். கேட்கவில்லை. அவனும் அவள் பேரன்தானே.

போன பொங்கலுக்கு மறுநாள் சுண்டக்கறி சுண்டவைத்து, பழையதைப் பிழிந்து ஒரு வாழையிலையில் வைத்து, சமையலறை மேடையில் விளக்கேற்றினேன். மிச்சத்தைப் படைக்கலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அவள் விரும்பிச் சாப்பிட்டது அது. அன்றைக்கு அவள் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அடுத்து அவளைப் பெற்றவளின் பெயரையும் சொல்லலாம் என்று நினைத்தபோது அது எனக்குத் தெரியவில்லை. திருநெல்வேலியில் தம்பியோடு இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பழைய ஞாபகம் நன்றாக இருக்கிறது. "பால் பொங்கிச்சா?" என்று முதலில் கேட்டாள், நேற்றும் கேட்டதை மறந்து. பிறகு யோசித்தாள்.

"அவங்கள எல்லாரும் வீரவநல்லூர் ஆச்சின்னுதான் சொல்லுவோம்."

"பேரு என்னம்மா?"

"வீரவநல்லூர் ஆச்சிதான். பேரு சொல்லி யாரு கூப்ட்டா அவங்கள?"

ஆச்சியின் தம்பி அமாவாசைதோறும் அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் இறைத்திருப்பார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் போனதோடு அந்தப் பெயரும் போய்விட்டது. இப்போது அது தெரிந்த ஒருவரும் உயிரோடு இல்லை. யுத்தகாலத்தில் சோளத்தை இடித்து என் ஆச்சிக்கு ஊட்டியவள், பானையில் இரண்டு மணி விட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதில் யாராவது இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். அம்மாவின் அம்மா பெயர், அவளுக்கு அம்மா பெயர். ஊர்ப் பெயரைச் சொன்னால் விடாதீர்கள், இட்ட பெயரைக் கேளுங்கள். கிடைத்ததும் ரேஷன் அட்டை வைத்திருக்கிற உறைக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த உறையை எந்த வீட்டிலும் தொலைப்பதில்லை.